மண்ணில் வைத்திருப்பவருக்கா, உருக்கிப் பிரிப்பவருக்கா அதிகாரம்?

கிள்ளான் வாசகர் ஒருவரின் கேள்வி
3 நவம்பர் 2025, காலை 9.40

காந்தங்களும் மின்னணுக் கருவிகளும் செய்யத் தேவைப்படும் அரிய மண் தனிமங்கள் நம் மலேசியாவில் ஏறத்தாழ 16 மில்லியன் டன் இருப்பதாக அரசு மதிப்பிட்டிருக்கிறது. சீனா 2010இல் ஜப்பானுக்கும், இந்த ஆண்டு ஏப்ரலில் உலகம் முழுமைக்கும் அவற்றின் ஏற்றுமதிக் கதவைச் சாத்திக் காட்டியது. மூலப்பொருள் எவரிடம் இருக்கிறதோ அவரிடமே வணிக அதிகாரம் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்படியிருக்க, அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், முக்கியக் கனிமங்களை அந்நாட்டுக்கு அனுப்புவதற்குத் தடையோ அளவு வரம்போ விதிக்க மாட்டோம் என்று நாம் ஏன் ஒப்புக்கொண்டோம்?

3 நவம்பர் 2025, இரவு 10.15, பினாங்கு

கேள்வியின் முதல் பாதியை நான் ஏற்கவில்லை. சீனாவின் பலம் அதன் மண்ணில் மட்டும் இல்லை. உலகில் தோண்டப்படும் அரிய மண் தாதுவில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு அங்கே கிடைக்கிறது என்றால், பிரித்துத் தூய்மைப்படுத்தும் வேலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் அங்கேதான் நடக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் அதிகாரம் குடியிருக்கிறது. பிற நாடுகளில் தோண்டியதும் கடைசியில் அந்தக் கொதிகலன்களுக்கும் கரைப்பான் தொட்டிகளுக்கும்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் அந்நாடு பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தையும் காந்தம் செய்யும் தொழில்நுட்பத்தையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. தாதுவைவிட எதை அவர்கள் பத்திரமாகக் காக்கிறார்கள் என்பது அந்த ஒரு முடிவிலேயே தெரிகிறது.

குவாந்தானுக்கு அருகிலுள்ள கெபெங்கில் 2012 முதல் இயங்கும், ஆஸ்திரேலிய நிறுவனமான லைனாஸின் அரிய மண் ஆலையையும் எண்ணிப் பாருங்கள். அங்கே பதப்படுத்தப்படும் தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து கப்பலில் வருகிறது. சீனாவுக்கு வெளியே இன்று மலேசியாவுக்கு இந்தத் துறையில் ஒரு பெயர் இருக்கிறதென்றால், அது நம் மண்ணில் கிடக்கும் 16 மில்லியன் டன்னால் வந்த பெயரன்று.

4 நவம்பர் 2025, இரவு 9.05

இதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பினாங்குக்காரர்களுக்கு இது நூறாண்டுப் பழைய பாடம். என் தந்தையார் டத்தோ கிராமாட் சாலையிலிருந்த ஈய (வெள்ளீய) உருக்காலையில் உலையடியில் வேலை செய்தவர். அந்த ஆலை ஏன் லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், நிறைந்த பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் இல்லாமல் தீவில் இருந்தது என்று சிறுவயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். துறைமுகம் இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்வார். அது உண்மைதான். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் ஈயத்தில் பாதிக்கும் மேல் இந்தத் தீபகற்பத்திலிருந்து போனது. அதை அதிகமாக வாங்கிய நாடு, தன் மண்ணில் ஈயம் ஏறத்தாழ இல்லாத அமெரிக்கா. ஈயம் பூசிய தகர டப்பாத் தொழில் அங்கே பெருகிக்கொண்டிருந்தது. 1903இல் ஓர் அமெரிக்க நிறுவனம், மலாயாத் தாதுவை உருக்காமல் அப்படியே நியூ ஜெர்சியின் பயோன் நகருக்கு எடுத்துச் சென்று அங்கே உருக்கத் திட்டமிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியினர் என்ன செய்தார்கள்? கூட்டு மலாய் மாநிலங்களிலிருந்து வெளியேறும் தாதுவின் மீது, நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) உருக்கப்பட்டால் தவிர, யாராலும் தாங்க முடியாத ஏற்றுமதி வரியை விதித்தார்கள். பயோன் திட்டம் அத்துடன் முடிந்தது. உருக்கும் வேலை பட்டர்வொர்த்திலும் சிங்கப்பூரின் பிராணி தீவிலும் பினாங்கிலும் நிலைத்தது.

தடையற்ற வணிகத்தை உலகுக்குப் போதித்த பேரரசு, தன் உருக்காலைக்கு ஆபத்து என்றதும் ஒரே ஆண்டில் கதவைச் சாத்தியது. இன்று இந்தோனேசியா நிக்கலுக்குச் செய்வதும், 2024 ஜனவரி முதல் நாம் பதப்படுத்தாத அரிய மண்ணுக்குச் செய்வதும் இதே வேலைதான். வளரும் நாடுகள் கண்டுபிடித்த குறுக்குவழி இது என்று எழுதுகிறவர்கள் 1903ஐப் படிக்க வேண்டும்.

5 நவம்பர் 2025, காலை 7.30

தைப்பிங்கிலிருந்து ஒருவர், அந்த வரியால் உள்ளூர் முதலாளிகளும் பயனடைந்தார்கள் அல்லவா என்று கேட்டிருக்கிறார். சிறிது காலம் பயனடைந்தார்கள். டத்தோ கிராமாட் சாலை ஆலை 1907இல் பினாங்கு, பேராக் சீன முதலாளிகளின் பணத்தில்தான் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனமாக உருவெடுத்தது. 1911இல் அது பிரிட்டிஷ் கைக்கு மாறிவிட்டது. ஆலை உள்ளூரில் இருப்பதும் உள்ளூரார் கையில் இருப்பதும் வேறு வேறு.

7 நவம்பர் 2025, இரவு 11.20

இப்போது ரப்பருக்கு வருகிறேன். கிள்ளான் நண்பர் சொல்லும் வழியை, அதாவது விற்காமல் பிடித்து வைத்து விலையை ஏற்றும் வழியை, முழு மனத்துடன் முயன்று பார்த்தது ரப்பரில்தான்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த சில கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. நாற்பது ஆண்டுகளுக்குள் அமேசான் காடுகளின் ஏகபோகம் அழிந்து, மலாயாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் உலகுக்கு ரப்பர் கொடுத்தன. மூலப்பொருளின் பிறப்பிடம் என்ற பெருமை பிரேசிலைக் காப்பாற்றவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் விலை சரிந்தது. 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியை அளந்து குறைத்தன. 1925இல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. லண்டனில் மகிழ்ச்சி, வாஷிங்டனில் கொதிப்பு. அதற்கு அடுத்து நடந்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்க டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்றது. கார் முதலாளி ஃபோர்டு 1927இல் அமேசானின் தபஜோஸ் கரையில் நிலம் பெற்று ஃபோர்டுலாந்தியா என்ற ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். இலைக்கருகல் நோயால் அது தோற்றது என்பது வேறு கதை. எல்லாவற்றையும்விட, திட்டத்தில் சேராத டச்சுத் தீவுகளில் சிறு விவசாயிகள் புதிது புதிதாக மரம் நட்டுக்கொண்டே போனார்கள். 1928இல் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

1942இல் ஜப்பான் இந்தப் பகுதியைக் கைப்பற்றியபோது அமெரிக்காவின் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அந்த நெருக்கடியில் பிறந்து பெருகிய செயற்கை ரப்பர், போர் முடிந்த பிறகும் போகவில்லை. வாங்குகிறவன் ஒரு முறை பயந்துவிட்டால், அந்தப் பயம் அவனை வேறு மண்ணுக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ அனுப்பிவிடுகிறது. அங்கே முதலிட்ட பிறகு அவன் நம்மிடம் திரும்பி வருவதில்லை.

2010இல் சீனா ஜப்பானுக்கு அரிய மண்ணை நிறுத்தியதும் இப்படித்தான் முடிந்தது. மறு ஆண்டே ஜப்பானிய அரசு நிறுவனமும் சோஜிட்ஸ் என்ற வணிக நிறுவனமும் சேர்ந்து 250 மில்லியன் டாலர் அளவுக்கு லைனாஸுக்குப் பண உதவி ஏற்பாடு செய்தன. கெபெங் ஆலை நிமிர்ந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

8 நவம்பர் 2025, பிற்பகல் 2.10

தோட்டத் தொழிலாளர் கதையை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம், இது உலக வணிகம் பற்றியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் இன்னும் கொண்டுவரவே இல்லை. அவர் சொன்னதால் இப்போது கொண்டுவருகிறேன்.

ரப்பர் விலை லண்டனில் நிர்ணயிக்கப்பட்டது. விலை விழும்போதெல்லாம் சுமை இங்கே நிரை பிடித்துப் பால் மரம் வெட்டியவர்களின் கூலியில் இறங்கியது. கங்காணி ஆள்சேர்ப்பு முறையில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் மக்கள், 1930க்குப் பின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் அதே கப்பல்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியபோது ஆள் எடுத்தார்கள், இறங்கியபோது ஆளைக் குறைத்தார்கள். பல நாடுகளின் மூலப்பொருள் மலிவாகக் கிடைத்ததற்கு, உழைத்தவர் எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் இல்லை என்பதே பெரிய காரணம். இதை விட்டுவிட்டு ‘நாட்டின் அதிகாரம்’ என்று பேசினால், எந்த நாட்டில் யாருடைய அதிகாரம் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. என் பாட்டனார் அப்படிக் கப்பலேற்றப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தவர். இந்தப் பொருளை நான் அமைதியாக எழுத முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

10 நவம்பர் 2025, இரவு 10.40

‘பல நாடுகள் சேர்ந்து நின்றால் வெல்லலாமே, ஓப்பெக் வெல்லவில்லையா’ என்ற கேள்வி நியாயமானது. 1973இல் எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. அதைப் பார்த்துச் செம்பு, பாக்சைட் நாடுகளும் தங்கள் கூட்டமைப்புகளை நம்பின. எண்ணெய்க்கு அன்று உடனடி மாற்று இல்லை, சவூதி அரேபியாவால் பெருமளவில் உற்பத்தியைக் குறைத்துத் தாங்கவும் முடிந்தது. மற்றவற்றுக்கு இந்த இரண்டும் அமையவில்லை.

ஈயத்தில் அந்த முயற்சி எங்கே போய் முடிந்தது என்பதை நாம் வாழ்ந்தே பார்த்தோம். 1956 முதல் சர்வதேச ஈய ஒப்பந்தம் இருந்தது. விலை விழுந்தால் ஈய மன்றம் வாங்கிச் சேமிக்கும், ஏறினால் விற்கும். அமெரிக்கா தன் போர்க்காலக் கையிருப்பை அவ்வப்போது சந்தையில் இறக்கி விலையை அழுத்தியது. ஆறாவது ஒப்பந்தத்தில் அது சேரவே இல்லை. மன்றத்தில் இல்லாத பிரேசில் உற்பத்தியைப் பெருக்கியது. அலுமினிய டப்பாக்கள் ஈயப் பூச்சுத் தகரத்தின் இடத்தைப் பிடித்தன. இதற்கிடையில் 1981இல் மாமின்கோ என்ற நிறுவனத்தின் வழியாக மலேசியா ரகசியமாக ஈயத்தை வாங்கி விலையை உயர்த்த முயன்றதும், லண்டன் உலோகச் சந்தை நடுவில் விதியை மாற்றியதும், பெரிய இழப்பில் அது முடிந்ததும் பின்னாளில் பிரதமரே ஒப்புக்கொண்ட செய்திகள்.

1985 அக்டோபர் 24 அன்று மன்றத்திடம் பணம் தீர்ந்துவிட்டது. லண்டனில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. 1989 வரை திறக்கவில்லை. விலை பாதியாகச் சரிந்தது. ஈப்போவைச் சுற்றி லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. என் தாய்மாமன் வேலை பார்த்த ஈயக்கப்பல் (மிதந்தபடி ஈயம் தோண்டும் இயந்திரம்) ஒன்றும் அந்த நாட்களில் நின்றது. அது மிதந்த குட்டையில் பின்னர் மீன் வளர்த்தார்கள்.

11 நவம்பர் 2025, காலை 6.50

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த வீழ்ச்சிக்கு முந்தைய ஆண்டு வரை ‘நீரிணை ஈயம்’ என்று உலகம் அறிந்த உலோகத்தின் விலை பினாங்கில்தான் நாள்தோறும் நிர்ணயமானது. வாங்க விரும்புகிறவர்கள் இங்கிருந்த இரண்டு உருக்காலைகளுக்குத் தங்கள் கேட்பு விலையை அனுப்புவார்கள். வந்த தாதுவின் அளவைப் பார்த்து அன்றைய விலை அமையும். 1984 அக்டோபரில் கோலாலம்பூர் ஈயச் சந்தை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. விலை சொல்லும் இடம் நம் கையில் இருந்தும் ஏன் வீழ்ந்தோம் என்று சிந்தித்தால், எங்கள் விலைக்குப் பின்னால் நின்ற கடனும் முன்பேரப் பந்தயங்களும் லண்டனில் இருந்தன என்பது தெரிகிறது. பொருள் இங்கே கைமாறியது, நம்பிக்கை அங்கே கைமாறியது.

12 நவம்பர் 2025, இரவு 9.30

செம்பனை இதற்கு எதிர்ச்சான்றா என்று ஜொகூர் நண்பர் கேட்கிறார். பெருமளவுக்கு ஆம், அதைப் பற்றி நான் பெருமையோடுதான் எழுதுவேன். 1970களில் கச்சா செம்பனை எண்ணெய்க்கு ஏற்றுமதி வரியும் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரிச் சலுகையும் கொடுத்ததால், பாசிர் கூடாங்கிலும் பட்டர்வொர்த்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1980இல் கோலாலம்பூரில் தொடங்கிய செம்பனை எண்ணெய் முன்பேரச் சந்தை, இன்று உலகம் பார்த்து விலை பேசும் சந்தையாக, ரிங்கிட்டிலேயே நடக்கிறது. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியை நம் அரசு முதலீட்டு நிறுவனமான பிஎன்பி வாங்கியபோது தோட்டங்களின் உடைமையும் வந்தது. நிலம், ஆலை, விலை மூன்றும் ஒரே நாட்டில் சேர்வது அரிது, இங்கே சேர்ந்தன.

அப்படியும் 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அறிவிப்பில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. காஷ்மீர் குறித்து நம் அன்றைய பிரதமர் பேசிய சில மாதங்களில் அது வந்ததால் காரணம் யாருக்கும் புரியாமல் இல்லை. பெரிய வாங்குநருக்கும் ஒரு கதவு உண்டு, அதை அவரும் சாத்துவார். கச்சாவாகக் கொடுங்கள், நாங்கள் சுத்திகரித்துக்கொள்கிறோம் என்பதே அந்த அறிவிப்பின் பொருளாதாரப் பக்கம். 1903இன் சண்டை இங்கே வேறு இரு நாடுகளுக்கு இடையில் நடந்தது.

15 நவம்பர் 2025, மாலை 5.45

நிக்கலைப் பற்றிப் பலர் கேட்டதால் சுருக்கமாக எழுதுகிறேன். இந்தோனேசியா 2014இல் தாது ஏற்றுமதியைத் தடுத்து, 2017இல் தளர்த்தி, 2020 ஜனவரியில் மீண்டும் முழுமையாகத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 2022இல் நடுவர் குழுவிடம் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது; மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்து கிடப்பதால் இந்தோனேசியாவின் மேல்முறையீடு அப்படியே நிற்கிறது. சுலாவேசித் தீவின் மொரோவாலியில் உலைகள் எழுந்தன, உலக நிக்கலில் பாதிக்கும் மேல் இப்போது அந்நாட்டிலிருந்து வருகிறது. ஆனால் அந்த உலைகளின் முதலீடும் தொழில்நுட்பமும் பெரும்பாலும் சீனாவினுடையவை. 1911இல் டத்தோ கிராமாட் சாலையில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடை ஆலையைக் கொண்டுவரும், ஆலைக்குள் இருக்கும் அறிவைக் கொண்டுவருவதற்குத் தனியாக உழைக்க வேண்டும்.

16 நவம்பர் 2025, இரவு 8.15

ஈப்போ அம்மையார் ஒருவர் எழுதிய குறிப்பு இந்த இழையிலேயே முக்கியமானது: ‘பிரித்தெடுக்கும் ஆலை வேண்டும் என்று எளிதாகச் சொல்கிறீர்கள், புக்கிட் மேராவை மறந்துவிட்டீர்களா?’

மறக்கவில்லை. லம்பங்களில் ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் அமாங்கில் அரிய மண் தனிமங்களும் தோரியமும் இருக்கின்றன. ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் 1980களில் அதைப் பிரித்த ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள், 1994இல் ஆலை மூடப்பட்டது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமும் கழிவுநீர்ச் சிக்கலாலும் மலிவான சீனப் போட்டியாலும் 2002இல் நின்றது. அசுத்தமான வேலையை உலகமே சீனாவிடம் தள்ளிவிட்டது. அந்த வேலையோடு அதிகாரமும் சேர்ந்து போனது. சீனாவின் தென் மாநிலங்களில் நிலமும் நீரும் கெட்டுப்போனதுதான் அந்த மலிவு விலையின் மறுபக்கம்.

ஆகவே, ஆலை வேண்டும் என்று நான் சொல்லும்போது, கழிவை யார் எத்தனை தலைமுறைக்குக் காப்பார்கள், அதற்கான பணம் எந்தக் கணக்கில் முன்கூட்டியே வைக்கப்படும் என்பதும் அதற்குள் அடக்கம். அது இல்லாத ஆலையை நானும் எதிர்ப்பேன்.

18 நவம்பர் 2025, இரவு 10.00

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று. உலகில் பயன்படும் ஈயத்தில் ஏறத்தாழப் பாதி இன்று சோல்டராகத்தான், அதாவது மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கும் உலோகமாகத்தான், போகிறது. 2022 மார்ச்சில் ஈயம் டன்னுக்கு 50,000 டாலரைத் தொட்டதும் அதே ஆண்டின் இறுதிக்குள் 20,000க்குக் கீழே இறங்கியதும், சோல்டர் வாங்கும் மேசையில் இருந்தவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்த மாதங்கள். எங்கள் ஒப்பந்த விலை லண்டன் விலையோடு கட்டப்பட்டிருந்தது. ஈயத்தால் வளர்ந்த தீவில் அமர்ந்துகொண்டு லண்டன் திரையைப் பார்த்து ஈயம் வாங்கியது எனக்கு எப்போதும் வலித்தது. 2023 ஆகஸ்டில் மியன்மாரின் வா பகுதியில் சுரங்கங்களை நிறுத்தியபோதும், எங்கள் கவலை எங்கே கிடைக்கும் என்பதைவிட எந்த உருக்காலையில் இருப்பு இருக்கிறது என்பதாகவே இருந்தது.

19 நவம்பர் 2025, இரவு 9.20

இனிக் கிள்ளான் நண்பரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஒப்பந்தம் கையெழுத்தானபின், பதப்படுத்தாத அரிய மண்ணுக்கான தடை தொடர்கிறது என்று அமைச்சர் விளக்கியிருக்கிறார். பதப்படுத்திய பொருளை எவருக்கும் விற்போம், தாதுவைத் தரமாட்டோம் என்பதுதான் நிலைப்பாடு என்றால், அதை நான் ஆதரிக்கிறேன். உலக வணிக விதிகளின் அடிப்படையான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு ஏற்றுமதித் தடையையும் அளவு வரம்பையும் பொதுவாக விலக்குகிறது, ஏற்றுமதி வரியை விலக்கவில்லை. ஆகவே 1903இன் கருவியை இன்றும் சட்டத்துக்குள் நின்றே பயன்படுத்தலாம். புதிய ஒப்பந்தம் அந்த வரியையும் தொடுகிறதா என்பதை வாசகர்கள் முழு வாசகத்தில் தேட வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வீட்டுக்குள் இருக்கிறது. அரசமைப்புச் சட்டப்படி நிலமும் கனிமமும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. உரிமத் தொகை இன்றே கிடைக்க வேண்டும் என்று மாநில அரசு விரும்புவதும், ஆலைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்வதும் மோதும். பேராக்கின் கெனெரிங்கில் நடந்த முன்னோடித் திட்டத்தில் மண்ணுக்குள் கரைசலைச் செலுத்தி எடுத்த அரிய மண் கார்பனேட் சீனாவுக்குத்தான் போனது. அந்தக் கலவைக் கார்பனேட்டை மூலப்பொருளாகக் கொள்வதா, பதப்படுத்திய பொருளாகக் கொள்வதா என்பதில்தான் இந்தத் தடையின் முழு வலுவும் இருக்கிறது. தனித்தனி ஆக்சைடாகப் பிரித்த பிறகே வெளியே போகலாம் என்று எல்லை வரைந்தால் கெபெங்கைப் போல இன்னோர் ஆலை இங்கே எழ வாய்ப்புண்டு. இந்த ஆண்டு மே மாதம் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் தனிமத்தின் ஆக்சைடைச் சீனாவுக்கு வெளியே வணிக அளவில் கெபெங் பிரித்துக் காட்டியது, ஆகவே நம் பொறியாளர்களால் முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. கார்பனேட்டே போதும் என்று எல்லை வரைந்தால், தடை ஏட்டில் இருக்கும், கப்பல் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், நண்பரே, அந்த எல்லை எங்கே வரையப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.